வாராத பிள்ளையைத் தேடி

2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் 6 வயது முதல் 14 வயது வரையே பிள்ளைகளுக்குக் காவல் நிற்கிறது. குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் 2016ஆம் ஆண்டுத் திருத்தமும் 14 வயது கடந்தோரை அபாயமான தொழில்களிலிருந்து மட்டுமே விலக்குகிறது. ஆகவே, உயர்நிலைப் பள்ளியின் நடுவழியில் நம் பிள்ளைகள் இரு காவல்களையும் ஒருசேர இழக்கின்றனர். 1984இல் பத்தாம் வகுப்பு வரை விரிவாக்கப்பெற்ற சத்துணவு, வந்தவரின் பசியாற்றும். வாராதவரைத் தேடிச் செல்லாது.

தேடிச் செல்வது சமுதாயத்தின் கடமையன்றோ? நிக்காஹ் பதிவேட்டைப் பேணும் தமிழக ஜமாஅத்துகள் யாவும், மஹல்லாவில் ஒன்பதாம், பத்தாம் வகுப்புப் பயில்வோர் பட்டியலையும் பேணட்டும். ஒரு வாரம் பள்ளி செல்லாத பிள்ளையின் வீட்டைப் பெரியோர் நாடட்டும். வறுமையே காரணமெனில் பைத்துல்மால் உதவட்டும். முதல் மதிப்பெண் பெற்றோரை மேடையேற்றும் நாம், இடைநின்றோரின் இல்லப் படியையும் ஏறுதல் வேண்டும்.