சர்க்கரைன்னா சோத்தைக் குறைக்கணுமா?

எங்க வத்தலக்குண்டு டீக்கடையில சர்க்கரைன்னு சொன்னாப் போதும், "சோத்தைக் குறைங்க"ன்னு ஆளுக்கொரு அட்வைஸ். எல்லாருக்கும் அது பொருந்தாது மக்களே.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ்னு ஒரு பிறவி நோய். சளி கெட்டியாகி நுரையீரல், கணையம் ரெண்டையும் அடைக்கும். கணையம் கெட்டு, வளர்ற வயசுல பலருக்குச் சர்க்கரையும் வரும். ஆனா உடம்பு தேற இந்தப் பிள்ளைங்க நிறைய சாப்பிட்டே ஆகணும். அதுக்கேத்தபடி இன்சுலினைத்தான் கூட்டணும்.

ஒவ்வொரு சாப்பாட்டுக்கும் ஒரு ஊசி. இடுப்புல பம்ப் இருந்தா பட்டனை அமுக்கினாப் போதும். ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா குழாயை மாத்தணும். விலைதான் லட்சக்கணக்குல!

இன்சுலினைக் கண்டுபிடிச்சவங்க 1923ல காப்புரிமையை டொராண்டோ பல்கலைக்கழகத்துக்கு ஆளுக்கு ஒரு டாலருக்குக் கொடுத்தாங்க. அந்த மனசு பம்ப் விஷயத்துல எங்க போச்சு? வாங்க முடியாத பிள்ளைக்கு அரசாங்கமே கொடுக்கணும்ங்கிறது என் கட்சி.

அதுவரைக்கும் அந்தப் பிள்ளையோட தட்டைப் பாத்து அட்வைஸ் பண்ணாதீங்க. புண்ணியமாப் போகும்.