கணப்பொழுதில் அழிந்த ஊர்

 

1989ஆம் ஆண்டு ஏப்ரல் 26. ஹிஜ்ரி 1409, புனித ரமளான் மாதம். பங்களாதேஷின் மாணிக்கஞ்ச் மாவட்டம் பல மாதங்களாக மழையின்றி வறண்டு கிடந்தது. மாலை ஆறரை மணியளவில், நோன்பு திறக்கும் நேரத்தையொட்டி, தௌலத்பூர், சாட்டூரியா பகுதிகளின் மீது ஒரு சுழற்காற்று இறங்கிற்று. ஏறத்தாழ 1,300 பேர் மாண்டனர். 12,000 பேர் காயமுற்றனர். 80,000 பேர் வீடிழந்தனர். உலகில் பதிவான டொர்னாடோக்களில் மிக அதிகமான உயிர்களைக் கொண்டு சென்றது இதுவே.

டொர்னாடோ வேறு, புயல் வேறு. நம் கடற்கரையைத் தாக்கும் புயல் பல நூறு கிலோமீட்டர் அகலம் உடையது. கடலில் நாட்கணக்கில் வளர்வது. டொர்னாடோவோ இடிமேகத்தின் அடியிலிருந்து புனல்போல் நிலத்தைத் தொடும் காற்றுத்தூண். அகலம் பெரும்பாலும் சில நூறு மீட்டர். ஆயுள் பெரும்பாலும் சில நிமிடங்கள்.

அது பிறப்பது எவ்வாறு? ஏப்ரல், மே மாதங்களில் வங்காள விரிகுடாவிலிருந்து வெப்பமும் ஈரமும் நிறைந்த காற்று தாழ்வாக உள்நாட்டை நோக்கி வீசுகிறது. அதன்மேல் மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று ஒரு மூடியைப் போல் அமர்கிறது. இன்னும் உயரத்தில் குளிர்ந்த மேலைக்காற்று விரைந்தோடுகிறது. மூடி உடைந்ததும், அடங்கிக் கிடந்த ஈரக்காற்று பீறிட்டு மேலெழுந்து பெரும் இடிமேகமாகிறது. வங்காள மக்கள் இப்பருவத்து இடிமழையைக் 'கால்பைசாகி' என்பர்.

உள்ளங்கைகள் இரண்டின் இடையே ஒரு பென்சிலை வைத்து, மேற்கையை மட்டும் வேகமாகத் தள்ளிப் பாருங்கள், பென்சில் உருளும். கீழே மெதுவாகவும் மேலே விரைவாகவும் காற்று வீசும்போது, இடைப்பட்ட காற்றும் அவ்வாறே படுக்கைவாட்டில் உருள்கிறது. மேலெழும் காற்று அவ்வுருளையைத் தூக்கி நிமிர்த்திவிடுகிறது. மேகமே சுழலத் தொடங்குகிறது. கயிற்றில் கட்டிய கல்லைச் சுழற்றும் சிறுவனின் விரலில் கயிறு சுற்றிக் குறுகக் குறுகக் கல் சுற்றும் வேகம் கூடுவதைக் கண்டிருப்பீர்கள். சுழலும் காற்றும் நிலத்தருகே குறுகும்போது அவ்வாறே கடும் வேகம் கொள்கிறது. எனினும், சுழலும் மேகங்கள் எல்லாமே டொர்னாடோவை ஈன்றெடுப்பதில்லை. எது ஈனும், எது ஈனாது என்பதை அறிஞர்கள் இன்றும் ஆராய்ந்து வருகின்றனர்.

'இஃஸார்' என்பது சுழற்காற்றைக் குறிக்கும் அரபுச்சொல். பிழிதல் எனப் பொருள்படும் வேரிலிருந்து பிறந்தது. முதுமையெய்திய ஒருவரின் தோட்டத்தை, அவர்தம் பிள்ளைகள் வலுவற்றிருக்கும் வேளையில், நெருப்புடன் கூடிய சுழற்காற்று எரித்துவிடும் உவமையில் திருமறை இச்சொல்லை ஆள்கிறது.

இத்தகைய பேரழிவு நேரும்போது, "அவர்கள் செய்த பாவம், தண்டனை இறங்கியது" எனச் சிலர் எளிதாகத் தீர்ப்புரைத்து விடுகின்றனர். சாட்டூரியாவில் மாண்டவர்கள் ரமளான் மாதத்து மாலையில் மாண்டவர்கள் என்பதை இவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். இடிபாட்டில் சிக்கி இறப்பவர் ஷஹீதுகளின் வரிசையில் சேர்வார் என நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் நற்செய்தி கூறியுள்ளார்கள். மறைவானதை அறிபவன் அல்லாஹ் ஒருவனே. அவனுடைய தீர்ப்பை நாம் வழங்க முற்படலாமா?

இன்னொரு நிகழ்ச்சியையும் நோக்குங்கள். 1999ஆம் ஆண்டு மே 3ஆம் நாள் அமெரிக்காவின் ஒக்லஹோமா மாநிலத்தை ஒரு டொர்னாடோ தாக்கியது. மணிக்குச் சுமார் 480 கிலோமீட்டர் வேகத்தை ரேடார் கருவி அதில் அளந்தது. மிக வலிய டொர்னாடோக்களுள் ஒன்றான அது நேரடியாகப் பறித்த உயிர்கள் 36. அங்கே முன்னெச்சரிக்கை வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒலித்தது. பலருக்குப் புகலிட அறைகள் இருந்தன. சாட்டூரியாவில் இருந்தவையோ தகரக் கூரைகளும் மெலிந்த சுவர்களும். பறந்து வந்த தகரமே அங்கு வாளாயிற்று. ஆகவே, இறந்தோர் தொகை ஒரு சமுதாயத்தின் ஈமானை அளக்கும் கோல் அன்று. அதன் வறுமையையும் ஆயத்தமின்மையையும் காட்டும் கணக்கு.

கருமேகத்தைக் கண்டால் பெருமானார் (ஸல்) அவர்களின் திருமுகம் மாறும் என அன்னை ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். காற்றை ஏசுவதைத் தடுத்து, அதன் நன்மையை வேண்டவும் தீமையிலிருந்து காவல் தேடவும் கற்றுத் தந்தவர்களும் அவர்களே. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுப் பின் இறைவனைச் சார்ந்திருக்கச் சொன்னவர்களும் அவர்களே. துஆவும் வேண்டும், கயிறும் வேண்டும்.

டொர்னாடோ வரும்போது சன்னல்களைத் திறந்து வைத்தால் வீடு தப்பும் என்றொரு நம்பிக்கை உண்டு. அது தவறு, உள்ளே நுழையும் காற்றே கூரையைத் தூக்கிவிடும். சன்னலை விட்டகன்று, கீழ்த்தளத்தின் நடுவிலுள்ள சிறிய அறையில் தலையை மறைத்துக் குனிந்திருப்பதே தக்கது.

பாதிக்கப்பட்டோரைப் பற்றி நாம் பேசும் முதற்சொல் பிரார்த்தனையாக இருக்கட்டும். அடுத்தது உதவியாக இருக்கட்டும். எளியோரின் கூரையை உறுதியாக்கக் கொடுக்கும் ஒரு தர்மம், இன்ஷா அல்லாஹ், வரவிருக்கும் ஒரு காற்றில் ஓர் உயிரைக் காக்கலாம்.