அரை டம்ளர் தண்ணீர் எடை! பறிபோனது ஒலிம்பிக் பதக்கம்!
உடம்பின் எடையால் விளையாட்டு வீரர்கள் படும் பாடு

2024-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 7-ந் தேதி. பாரீஸ் நகரம். காலை நேரம்.

இந்திய மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகத், எடை பார்க்கும் கருவியின் மீது ஏறி நின்றார். அன்று அவருக்கு இறுதிப்போட்டி. வென்றால் தங்கம்; தோற்றாலும் வெள்ளி. இந்தியப் பெண் ஒருவர் ஒலிம்பிக் மல்யுத்தத்தில் இறுதிப்போட்டி வரை வந்தது அதுதான் முதல் தடவை.

அவர் மோதியது 50 கிலோ பிரிவில். கருவி காட்டியதோ 50 கிலோ 100 கிராம்!

100 கிராம் என்றால் எவ்வளவு? இரண்டு கோழி முட்டையின் எடை. அரை டம்ளர் தண்ணீரின் எடை. அந்த 100 கிராமுக்காக அவர் போட்டியிலிருந்து நீக்கப்பட்டார். தங்கமும் இல்லை, வெள்ளியும் இல்லை. முந்தின நாள் அவர் பெற்ற வெற்றிகள் கூடக் கணக்கில் வரவில்லை. பட்டியலில் கடைசி இடம் கொடுத்தார்கள்.

முந்தின நாள் நடந்தது என்ன?

ஆகஸ்டு 6-ந் தேதி அவர் மூன்று முறை கோதாவில் இறங்கினார். முதலில் எதிர்த்து நின்றவர் ஜப்பான் நாட்டு யூயி சுசாகி. டோக்கியோவில் தங்கப் பதக்கம் வாங்கியவர். வெளிநாட்டுக்காரர் யாரிடமும் அதுவரை தோற்றதே இல்லை என்று பெயர் பெற்றவர். ஆட்டம் முடியச் சில விநாடிகளே இருந்தன. வினேஷ் 0-2 என்று பின்தங்கி இருந்தார். திடீரென்று ஒரு பிடி! 3-2 என்று வெற்றி! அடுத்து உக்ரைன் நாட்டு வீராங்கனை தோற்றார். அரை இறுதியில் கியூபா நாட்டு வீராங்கனையும் தோற்றார். இரவில் இந்தியா முழுவதும் ஒரே கொண்டாட்டம்.

ஆனால் வினேஷுக்கு அந்த இரவில் தூக்கம் இல்லை.

அன்று காலையில் அவர் எடை சரியாகத்தான் இருந்தது. அந்த எடைக்கு வருவதற்காக அவர் பல நாட்கள் உடம்பை வாட்டி வற்ற வைத்திருந்தார். மூன்று சண்டை போட வேண்டுமானால் தெம்பு வேண்டாமா? தண்ணீர் குடித்தார். கொஞ்சம் ஆகாரமும் சாப்பிட்டார். வற்றிப் போன உடம்பு, காய்ந்த நிலம் தண்ணீரைக் குடிப்பது போல எல்லாவற்றையும் இழுத்து வைத்துக் கொண்டது. அரை இறுதி முடிந்ததும் எடை பார்த்தால் 2 கிலோ 700 கிராம் கூடுதல்! மறுநாள் காலைக்குள் அத்தனையும் இறங்க வேண்டும்.

அந்த இரவு எப்படிக் கழிந்தது என்பதை, அவருடைய ஹங்கேரி நாட்டுப் பயிற்சியாளர் வோலர் அகோஷ் பிறகு எழுதினார். முதலில் 1 மணி 20 நிமிடம் உடற்பயிற்சி. இன்னும் ஒன்றரைக் கிலோ பாக்கி. பிறகு 50 நிமிடம் நீராவி அறையில் உட்கார வைத்தார்கள். உடம்பில் ஒரு துளி வியர்வை வரவில்லை. வருவதற்கு உள்ளே தண்ணீர் இருந்தால்தானே? நள்ளிரவு முதல் காலை 5½ மணி வரை ஓட்டம், சைக்கிள், மல்யுத்தப் பயிற்சி என்று மாறி மாறி நடந்தது. நடுநடுவே இரண்டு மூன்று நிமிடம்தான் ஓய்வு. அவர் மயங்கி விழுந்தார். தூக்கி நிறுத்தினார்கள். மறுபடியும் நீராவி அறை. அவர் செத்துப் போய் விடுவாரோ என்று பயந்ததாகப் பயிற்சியாளர் எழுதியிருந்தார். அந்தப் பதிவை அவரே பிற்பாடு நீக்கி விட்டார்.

"முடியை வெட்டக் கூடாதா?"

செய்தி வந்ததும் இங்கே டீக்கடை தோறும் இதே பேச்சு. "100 கிராம்தானே! தலைமுடியை வெட்டி இருந்தால் சரியாகப் போயிருக்குமே!" என்று பலர் சொன்னார்கள். வெட்டினார்கள்! முடியையும் வெட்டினார்கள், உடையைக் கூட வெட்டிச் சிறிதாக்கினார்கள். இந்திய அணியின் டாக்டரே இதைச் சொன்னார். அதன் பிறகும் மீதி நின்றது அந்த 100 கிராம்.

"சாப்பாட்டு ஆசையை அடக்கத் தெரியாதவர்" என்று சிலர் ஏசினார்கள். "இது சதி" என்று வேறு சிலர் கூச்சலிட்டார்கள். வினேஷ், 2023-ம் ஆண்டில் மல்யுத்த சம்மேளனத் தலைவருக்கு எதிராக டெல்லியில் நடந்த போராட்டத்தில் முன்னணியில் நின்றவர். அதனால் அவரைப் பிடிக்காதவர்களும் உண்டு. தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடுபவர்களும் உண்டு. இரு தரப்பாரும் அவரவர் விருப்பப்படி பேசினார்கள். அந்தப் பெண்ணின் உடம்பு அந்த இரவில் என்ன பாடுபட்டது என்பதைப் பற்றி மட்டும் பேச்சு குறைவாகத்தான் இருந்தது.

50 கிலோ அவருடைய இயற்கையான எடை அல்ல. டோக்கியோ ஒலிம்பிக்கில் அவர் 53 கிலோ பிரிவில் மோதினார். பாரீஸ் ஒலிம்பிக்குக்கு அந்தப் பிரிவில் இந்தியாவின் இடம் இன்னொரு வீராங்கனை மூலம் கிடைத்து விட்டது. ஒரு பிரிவுக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போகலாம். எனவே வினேஷ் 50 கிலோவுக்கு இறங்கி வந்தார். ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தத்துக்கு இருந்தவை 6 எடைப் பிரிவுகளே. உலகப் போட்டியில் 10 பிரிவுகள் உண்டு. ஒலிம்பிக்கில் வழி குறுகல், அதனால் நெரிசல்.

ஏன் எடையைக் குறைக்கிறார்கள்?

தன்னைவிடச் சிறிய உடம்புக்காரரோடு மோதினால் ஜெயிப்பது சுலபம். இதுதான் கணக்கு. 56 கிலோ உள்ளவர் 50 கிலோவுக்கு இறங்கினால், எலும்பும் தசையும் பெரியவர்களுக்கு உள்ளபடி இருக்கும், எதிரியோ சிறியவர். எதிரியும் சும்மா இருப்பாரா? அவரும் அதே கணக்கைப் போட்டு 56 கிலோவிலிருந்துதான் இறங்கி வந்திருப்பார். கடைசியில் யாருக்கும் லாபம் இல்லை. இரண்டு பேரும் பட்டினி, அவ்வளவுதான்!

கடைசி நேரத்தில் குறைவது கொழுப்பு அல்ல. ஒரே இரவில் கொழுப்பு கரையாது. குறைவது தண்ணீர். மனித உடம்பில் பாதிக்கு மேல் தண்ணீர்தான். ஒரு லிட்டர் வியர்த்தால் ஒரு கிலோ குறையும். ஆகவே தண்ணீர் குடிப்பதை நிறுத்துகிறார்கள். ரப்பர் உடை மாட்டிக் கொண்டு ஓடுகிறார்கள். கயிறு தாண்டுகிறார்கள். குத்துச்சண்டை வீராங்கனை மேரி கோம், 2018-ம் ஆண்டு போலந்து நாட்டில் 4 மணி நேரத்தில் 2 கிலோ குறைத்தார். விமானத்தில் போய் இறங்கியதும் கயிற்றை எடுத்து ஒரு மணி நேரம் விடாமல் தாண்டினார். அந்தப் போட்டியில் தங்கமும் வாங்கினார்.

கேட்க வீரமாகத்தான் இருக்கிறது. உள்ளே நடப்பது வேறு. தண்ணீர் குறைந்தால் ரத்தத்தின் அளவு குறைகிறது. அதை உடம்பெங்கும் அனுப்ப இருதயம் வேகமாக அடிக்கிறது. வியர்வை நின்றதும் உடம்பின் சூடு வெளியே போக வழியில்லை. அடைத்த பானையில் கொதிப்பது போலக் காய்ச்சல் ஏறுகிறது. சிறுநீரகம் திணறுகிறது. தலை சுற்றுகிறது.

1997-ம் ஆண்டு இறுதியில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த மாணவர்கள் மூன்று பேர், சில வார இடைவெளியில் இப்படியே இறந்து போனார்கள். மூவரும் எடையைக் குறைக்க உடம்பைச் சூடாக்கி, தண்ணீரை வற்ற வைத்துக் கொண்டிருந்தவர்கள். அதன் பிறகுதான் அங்கே கண் விழித்தார்கள். ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை விதித்தார்கள். சிறுநீரைச் சோதித்து, உடம்பில் போதுமான தண்ணீர் இருக்கும்போதே ஒருவர் எவ்வளவு எடை வரை இறங்கலாம் என்று முன்கூட்டியே முடிவு செய்தார்கள்.

சர்வதேச மல்யுத்தத்திலும் ஒரு மருந்து கண்டுபிடித்தார்கள். முன்பெல்லாம் போட்டிக்கு முதல் நாளே எடை பார்ப்பார்கள். இரவெல்லாம் தின்று குடித்துத் தேறி வரலாம். இதைத் தடுக்க, போட்டி நடக்கும் இரண்டு நாட்களிலும் காலையில் எடை பார்ப்பது என்று விதி மாறியது. அளவுக்கு மீறி இறங்க யாரும் துணிய மாட்டார்கள் என்பது எண்ணம். துணிந்தார்கள்! முன்பு ஒரு தடவை வற்றியவர்கள் இப்போது இரண்டு தடவை வற்றுகிறார்கள்.

வினேஷ் நீக்கப்பட்ட மறுநாள், அதே அணியின் அமன் செராவத் 57 கிலோ பிரிவு அரை இறுதியில் தோற்றார். வெண்கலத்துக்கான போட்டி பாக்கி இருந்தது. எடை பார்த்தால் 61½ கிலோ! சுமார் 10 மணி நேரத்தில் 4 கிலோ 600 கிராம் இறக்கினார்கள். மறுநாள் அவர் வெண்கலம் வென்றார். நாடு மகிழ்ந்தது. அவருக்கும் அந்த 21 வயதில் அதே ஆபத்துதான். தராசு முள் இந்தப் பக்கம் நின்றதால் அது வெற்றிக் கதை ஆயிற்று.

"குண்டு" என்று ஒரு கேலி

இனி வேறு ஒரு வேடிக்கை. ஒருபுறம் மெலிந்து சாகும் வீரர்கள். இன்னொரு புறம் பருமன் என்று கேலிக்கு ஆளாகும் வீரர்கள்.

2025-ம் ஆண்டு மார்ச் மாதத் தொடக்கத்தில், இந்தியக் கிரிக்கெட் அணித் தலைவராக இருந்த ரோகித் சர்மாவைக் குண்டு என்று ஓர் அரசியல் கட்சியின் செய்தித் தொடர்பாளர் எழுதினார். கண்டனம் எழுந்தது. எழுதியதை அவர் நீக்கி விட்டார். அடுத்த வாரமே, 9-ந் தேதி, துபாயில் சாம்பியன்ஸ் கோப்பை இறுதி ஆட்டம். ரோகித் 76 ரன் அடித்தார். கோப்பை இந்தியாவுக்கு! ஆட்ட நாயகனும் அவரே!

அமெரிக்காவின் ரக்பி வீராங்கனை இலோனா மாகருக்கும் இதே அனுபவம். அவர் உயரம் 5 அடி 10 அங்குலம். எடை சுமார் 90 கிலோ. எடையையும் உயரத்தையும் வைத்துப் போடும் கணக்கில், அவர் "அதிக எடை" என்ற பட்டியலில் வருகிறார். ஒருவர் இதைச் சொல்லிக் கேலி செய்தார். தம் 90 கிலோவில் 77 கிலோ கொழுப்பே இல்லாத எடை என்று இலோனா பதில் கொடுத்தார். தாம் ஒலிம்பிக் போகப் போவதாகவும், கேலி செய்தவர் போகப் போவதில்லை என்றும் சேர்த்துச் சொன்னார்! அந்த ஒலிம்பிக்கில் அவர் அணி வெண்கலம் வென்றது.

அந்தக் கணக்கு என்ன? எடையை கிலோவில் எடுத்துக் கொள்ள வேண்டும். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்க வேண்டும். எடையை அதனால் வகுத்தால் வருவதுதான் அந்த எண். 25க்கு மேல் போனால் அதிக எடை என்பது உலக வழக்கு. இந்தியர்களுக்கு 23 தாண்டினாலே எச்சரிக்கை. இதை 1830-களில் வகுத்தவர் பெல்ஜியம் நாட்டு அடால்ப் கெட்லே. அவர் டாக்டர் அல்ல. வான சாஸ்திரமும் புள்ளிவிவரமும் படித்தவர். ஒரு கூட்டத்தின் சராசரி மனிதன் எப்படி இருப்பான் என்று பார்க்கவே அவர் அதைப் போட்டார். ஒரு தனி மனிதனின் உடம்பில் எது கொழுப்பு, எது தசை என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கும் குடும்பஸ்தருக்கு அது பயன்படும். அவர்கள் இடுப்பையும் அளந்து பார்ப்பது நல்லது. ஆணுக்கு 90 சென்டிமீட்டர், பெண்ணுக்கு 80 சென்டிமீட்டர் தாண்டினால் டாக்டரைப் பார்க்க வேண்டும். தினமும் பல மணி நேரம் உழைக்கும் ரக்பி வீராங்கனையை அந்த முழக்கோலால் அளப்பது பொருந்தாது.

பெண் பிள்ளைகள் கதை

மேரி கெய்ன் என்ற அமெரிக்கப் பெண், 17 வயதிலேயே உலகத் தடகளப் போட்டியில் 1,500 மீட்டர் இறுதி ஓட்டத்தில் ஓடியவர். இன்னும் மெலிந்தால் இன்னும் வேகம் வரும் என்று பயிற்சி தந்தவர்கள் வற்புறுத்தினார்கள் என்று அவர் 2019-ம் ஆண்டு வெளியே சொன்னார். மெலிந்தார். மூன்று ஆண்டுகள் மாதவிலக்கு நின்று போயிற்று. ஐந்து எலும்புகள் முறிந்தன. வேகமும் போயிற்று.

இதற்குக் காரணம் இருக்கிறது. உழைப்புக்குத் தக்க ஆகாரம் போகாவிட்டால், உடம்பு சிக்கனம் பிடிக்கத் தொடங்குகிறது. உயிர் வாழ உடனே தேவைப்படாத வேலைகளை நிறுத்துகிறது. மாதவிலக்கு நிற்கிறது. அதோடு, எலும்பைக் காக்கும் சுரப்பும் குறைகிறது. எலும்பு பலம் சேர்க்க வேண்டிய வயதில் பலம் இழக்கிறது. ஓட்டப் பந்தயத்துக்கும், ஜிம்னாஸ்டிக்ஸுக்கும், குஸ்திக்கும் பெண்ணை அனுப்பும் தாய்மார்கள் இதைக் கேட்க வெட்கப்பட வேண்டியதில்லை. "பயிற்சி கடுமை, அதனால் நின்றிருக்கும்" என்று விட்டு விடுவதுதான் தவறு. இரண்டு மூன்று மாதம் வராவிட்டால் டாக்டரிடம் காட்ட வேண்டும். பையன்களுக்கும் இந்தக் குறை உண்டு. ஆனால் காட்டிக் கொடுக்க அடையாளம் இல்லை.

பனிச்சறுக்குத் தாவல் என்று ஒரு விளையாட்டு. மலைச்சரிவில் சறுக்கி வந்து ஆகாயத்தில் பறப்பார்கள். எடை குறைந்தால் அதிக தூரம் பறக்கலாம். வீரர்கள் பட்டினி கிடந்து எலும்பும் தோலுமானார்கள். 2004-ம் ஆண்டு விதியை மாற்றினார்கள். உயரத்துக்கு ஏற்ற எடை இல்லாதவர் நீளம் குறைந்த பலகையைத்தான் கட்டிக் கொள்ள வேண்டும். பலகை குட்டையானால் பறக்கும் தூரம் குறையும். பட்டினியால் வந்த லாபம் போயிற்று! வீரரைத் திட்டாமல் விதியைத் திருத்தினார்கள்.

வினேஷ் விஷயத்தில் விதி அசையவில்லை. வெள்ளிப் பதக்கமாவது தரும்படி அவர் விளையாட்டு நடுவர் மன்றத்தில் முறையிட்டார். ஆகஸ்டு 14-ந் தேதி மனு தள்ளுபடி ஆயிற்று. அவர் தவறான செயல் எதுவும் செய்யவில்லை, விதியின் விளைவு மிகக் கொடுமையானதுதான் என்று தீர்ப்பிலேயே எழுதியிருந்தது. ஆனாலும் விதி விதிதான்!

மனு போடும் முன்பே அவர் ஓய்வு அறிவித்திருந்தார் என்று பலர் நினைக்கிறார்கள். மனு புதன்கிழமையே போயிற்று; ஓய்வு அறிவிப்பு வந்தது வியாழன் அதிகாலையில். அக்டோபர் மாதம் அரியானா சட்டசபைத் தேர்தலில் ஜுலானா தொகுதியில் நின்று வென்றார். 2025-ம் ஆண்டு ஒரு குழந்தைக்குத் தாயானார். அந்த ஆண்டு டிசம்பரில், ஓய்வை முடித்துக் கொண்டு மீண்டும் கோதாவில் இறங்குவதாகச் சொன்னார். குறி, 2028-ம் ஆண்டின் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக். அப்போது அவருக்கு வயது 33.