அவருக்குப் பிடித்த பாட்டு எது?

பக்கவாதத்தால் படுத்திருப்பவரின் கட்டிலருகே கைப்பேசியில் பாட்டு ஒலித்தால், அதை நிறுத்தச் சொல்வதே மருத்துவர்களாகிய எங்கள் வழக்கமாக இருந்தது. நோயாளிக்கு ஓய்வு தேவை என்பது நாங்கள் கூறிய காரணம். அது பாதி சரி, பாதி தவறு என்று இன்று கருதுகிறோம்.

உணவு உயிரைக் காப்பது; அதை உண்ணும்போது மூளை இன்பம் தருவதில் வியப்பில்லை. பாட்டு பசியைத் தீர்ப்பதில்லை. ஆயினும் உணவு தூண்டும் அதே இன்பப் பாதையை அதுவும் தூண்டுகிறது. கனடாவின் மெக்கில் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வு இதை மூளைப் படங்களின் வழியே காட்டிற்று. தமக்கு மிகப் பிடித்த இசையைக் கேட்டு மெய்சிலிர்த்தவர்களின் மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரந்தது. சிலிர்ப்பின் உச்சத்தில் ஓரிடத்தில் சுரந்தது. அந்த உச்சத்திற்குச் சற்று முன்னரே வேறோரிடத்தில் சுரந்தது. வரப்போவதை எதிர்நோக்குவதும் இன்பத்தின் ஒரு கூறே என்பது இதனால் புலனாகிறது. சரணம் முடிந்து பல்லவி திரும்பும் இடத்திற்காக மனம் காத்திருப்பதை யார்தான் அறியார்? நெடுநாள் பழகிய பாட்டில் அந்தக் காத்திருப்பு கூர்மையாக இருக்கும்.

நோயாளிகளுக்கு இதனால் பயன் உண்டா? பின்லாந்தின் ஹெல்சிங்கியில் நடந்து 2008இல் வெளியான ஆய்வு ஒன்றைக் குறிப்பிட விரும்புகிறோம். அண்மையில் பக்கவாதம் கண்ட 60 பேர் அதில் சேர்க்கப்பட்டனர். ஒரு குழுவினர் தாமே தேர்ந்த இசையை நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் இரண்டு மாதங்கள் கேட்டனர். இன்னொரு குழுவினர் ஒலிநூல்களைக் கேட்டனர். மூன்றாம் குழுவினருக்கு இரண்டும் இல்லை. வழக்கமான சிகிச்சை எல்லோருக்கும் உண்டு. சொற்களை நினைவில் கொள்வதிலும் கவனத்திலும் இசை கேட்டவர்களே கூடுதலாகத் தேறினர். சிறிய ஆய்வுதான், மாத்திரையையும் இயன்முறைப் பயிற்சியையும் பாட்டுக்காக விட்டுவிடலாகாது.

'தாமே தேர்ந்த' என்பதை அழுத்திச் சொல்கிறோம். எம்.எஸ்.விஸ்வநாதன் பாடல்களோடு இளமையைக் கழித்த பெரியவருக்கு, பேரனின் விருப்பப் பாடல்களோ காலை முதல் இரவு வரை பக்திப் பாடல்களோ ஒலிப்பதை நாங்கள் அடிக்கடி காண்கிறோம். அன்பினால் செய்வதே அது. ஆனால் அவர் கேட்க விரும்பியது அதுவா? வேண்டாத பாட்டு நோயாளிக்கு இரைச்சலே. நாங்கள் நிறுத்தச் சொன்னதில் இருந்த நியாயமும் அதுவே. மற்றெல்லா இன்பங்களையும் துய்த்தும் இசையில் மட்டும் இன்பம் காணாதவர்களும் உண்டு என்று பார்சிலோனா ஆய்வாளர்கள் 2014இல் காட்டினர். அத்தகையோரை அமைதியாக விட்டுவிடுவதே நன்று.

பேச இயலாதவரிடம் எப்படி அறிவது? அவர் இருபது வயதில் எதைக் கேட்டார் என்று துணைவியாரையோ உடன்பிறந்தாரையோ கேளுங்கள். ஒரு பாட்டை மெல்லிய ஒலியில் வைத்து, முகத்தையும் விரல்களையும் கவனியுங்கள். புருவம் சுருங்கினால் நிறுத்திவிடுங்கள். அடுத்த கட்டிலில் இருப்பவரை எண்ணி, காதொலிக் கருவியைப் பயன்படுத்துங்கள். உறங்கும் நேரத்தில் பாட்டு வேண்டா.

இனி நாங்கள் பார்வையிட வரும்போது, மருந்து ஒவ்வாமையைக் கேட்பது போலவே இதையும் உங்களிடம் கேட்க எண்ணியுள்ளோம். விடை தெரியாதவர்கள், ஊரிலிருக்கும் அத்தையிடமோ சித்தப்பாவிடமோ இன்றே தொலைபேசியில் கேட்டு எழுதி வையுங்கள்.