தோட்டத்துப் பெண்களின் முழங்காலை இரவல் வாங்காதீர்கள்

சென்ற இதழில் வந்த மாரத்தான் கட்டுரையை எங்கள் பக்கத்தில் ஓடுகிறவர்கள் எல்லோரும் படித்துவிட்டார்கள். பாலக்காட்டுச் சித்தூர், கொழிஞ்சாம்பாறை வட்டாரத்தில் விடியற்காலை கால்வாய்க் கரையில் ஓடிவிட்டு டீக்கடையில் நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேர் மூணாறில் மலையோட்டம் ஓட ஆசைப்படுபவர்கள். அவர்களில் பலருக்கு முழங்காலிலோ குதிகாலிலோ விடாத ஒரு வலி. படித்துச் சிரித்துவிட்டுப் போகிற கட்டுரை என்றால் நானும் விட்டிருப்பேன். ஆனால் இதழைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு காலை இழுத்தபடி வந்த ஒரு பையன், "வலிச்சாலும் ஓடலாம்னுதானே சார் போட்டிருக்கு?" என்று கேட்டான். அதற்குப் பிறகு சும்மா இருக்க முடியவில்லை.

கட்டுரையாளர் சொல்வது இதுதான். கால் வலி என்று பயிற்சியைக் குறைப்பது சோம்பலுக்கு வைத்த மருத்துவப் பெயர். மூணாறு தேயிலைத் தோட்டத்தில் ஐம்பத்தைந்து வயதுப் பெண்கள் கொழுந்து மூட்டையோடு மேடேறவில்லையா? சிவ்நாத் சிங் வெறுங்காலில் ஓடவில்லையா? வலித்தால் போட்டிக்கு முன் ஒரு மாத்திரை. இரண்டு வாரம் நின்றால் ஆறு மாத உழைப்பு வீண். மீதிப் பக்கங்களில் இருப்பதெல்லாம் மீசையை முறுக்கும் வசனம்.

முதலில் தோட்டத்துப் பெண்களுக்கு வருகிறேன், எனக்கு ரத்தம் கொதித்தது அங்கேதான்.

மலைச்சரிவில் பச்சைப் பசேல் என்ற தேயிலைக்கு நடுவே வரிசையாக நிற்கும் பெண்களைக் கார் கண்ணாடி வழியாகப் பார்த்து, 'என்ன உடம்பு, என்ன உறுதி!' என்று வியந்திருக்கிறார் போல. தோட்டக் குடியிருப்பான லயத்து வாசல்படியில் அந்தப் பெண்கள் உட்கார்ந்திருக்கும் சாயங்காலத்தை அவர் பார்த்ததில்லை. நான் பார்த்திருக்கிறேன். இடுப்பில் கட்டியிருந்த படங்கை அவிழ்த்துப் போட்டுவிட்டு, சேலையை முட்டிக்கு மேல் ஏற்றித் தைலம் தேய்த்துக்கொண்டிருந்த ஒரு அக்கா. வலது முட்டி இடது முட்டியைவிடக் கண்ணுக்குத் தெரிகிற அளவு பெரிதாக இருந்தது. "ஏறையில ஒண்ணும் தெரியாது தம்பி, எறங்கையிலதான் உசுரு போகுது" என்றார். லீவு போட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்றதற்கு, "லீவு போட்டா சம்பளம் யாரு தருவா? மாத்திரை இருக்குல்ல" என்றார்.

கட்டுரையாளர் வீரம் என்று வாசித்தது இந்த மாத்திரையைத்தான். நிற்க வழியில்லாததால் நடக்கிற கால் அது. 2015 செப்டம்பரில் 'பெம்பிளை ஒருமை' என்று திரண்டு மூணாறு சாலையை மறித்து உட்கார்ந்தவர்கள் இதே பெண்கள்தான். அன்றைக்கு அவர்கள் நாள் கூலி 232 ரூபாய். அந்தக் கூலிக்கு 21 கிலோ கொழுந்து பறித்தாக வேண்டும். 500 கேட்டார்கள், 301-க்கு முடித்து அனுப்பினார்கள். உடம்பு தேய்ந்துபோகிறது, கால் போய்விட்டது, முதுகு போய்விட்டது என்பதை அவர்களே தெருவில் உட்கார்ந்து ஊருக்குச் சொன்ன பிறகும், அந்தக் காலையே 'வலி ஒரு பொருட்டல்ல' என்பதற்குச் சான்றாகக் காட்ட ஒரு தனி மனசு வேண்டும். முட்டி முழுசாகத் தேய்ந்தவர்கள் வீட்டுக்குள் இருக்கிறார்கள் என்பதும் அவருக்குத் தோன்றவில்லை. சரிவில் நிற்பவர்களை மட்டும் எண்ணினால் எல்லோரும் இரும்புக் கால்காரர்களாகத்தான் தெரிவார்கள்.

அந்த அக்கா சொன்ன ஒரு வாக்கியத்தில் இருக்கிற விஷயம் கட்டுரை முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஏறும்போது தெரியாது, இறங்கும்போது உயிர் போகும். ஓட்டக்காரனின் முழங்கால் வலிக்கும் பெரும்பாலும் இதுதான் முகவரி. ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கி உடம்பைத் தூக்குகிறது. இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே பிரேக் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு அடியிலும் முழங்கால் சிரட்டை தொடை எலும்பின் மேல் அழுந்துகிறது. தொடையின் வெளிப்பக்கம் இடுப்பிலிருந்து முட்டி வரை ஓடும் பட்டையும் முட்டியின் ஓரத்தில் நெருக்குகிறது. அதனால்தான் சிலருக்கு வலி முட்டியின் முன்னால், சிலருக்கு வெளி ஓரத்தில். பாலக்காட்டுப் பக்கம் சாலை தட்டை, கால்வாய்க் கரை அதைவிடத் தட்டை. அதில் ஓடிப் பழகிய கால், 1,500 மீட்டர் உயரத்து மூணாறுக்குப் போய் வளைந்து வளைந்து இறங்கும் சாலையில் ஓடினால் எந்தத் தசை முதலில் கைவிரிக்கும் என்று சொல்ல ஜோசியம் வேண்டாம். போடிமெட்டிலிருந்து போடிக்கு இறங்க 17 கொண்டை ஊசி வளைவுகள். சமவெளிக்காரன் ஒருவனை அங்கே ஒரு தடவை நடந்தே இறங்கச் சொல்லுங்கள், மறுநாள் காலை அவன் படியிறங்கும் அழகைப் பாருங்கள்.

இன்னொன்று, கட்டுரையாளர் கவனிக்கவே கவனிக்காதது: தார்ச்சாலையின் நடு மேடு. மழைத் தண்ணீர் வழியச் சாலையை இரண்டு ஓரமும் சரித்துத்தான் போடுவார்கள். போகும்போதும் வரும்போதும் தன் வலப்பக்க ஓரத்திலேயே ஓடுகிறவனுக்கு ஒரே கால்தான் எப்போதும் பள்ளத்தில் விழும். எங்கள் ஆட்களில் சிலர் வண்டி இல்லாத நேரமாகப் பார்த்துப் போன ஓரத்திலேயே திரும்பி வர ஆரம்பிக்க, மாதக் கணக்கில் இருந்த வலி தன்னால் குறைந்தது. வீர வசனம் எதுவும் தேவைப்படவில்லை.

சிவ்நாத் சிங்குக்கு வருவோம். வெறுங்காலில் ஓடியவர், 1976 மாண்ட்ரியல் ஒலிம்பிக் மாரத்தானில் 11-ஆவது, 1978-இல் ஜலந்தரில் 2 மணி 12 நிமிடம். அந்த இந்தியச் சாதனை நாற்பது ஆண்டுகளுக்கு மேல் அசையவில்லை. கையெடுத்துக் கும்பிட வேண்டிய ஆள். ஆனால் அவர் சிறுவயதிலிருந்தே வெறுங்காலில் வளர்ந்து, ராணுவத்தில் பயிற்சி பெற்றவர். அவர் பாதத்தின் எலும்பும் நாரும் இருபது வருடத்தில் கட்டப்பட்டவை. கணினிக்கு முன்னால் பத்து மணி நேரம் உட்காரும் காஞ்சிக்கோட்டு ஊழியர், வருகிற போட்டிக்கு நான்கு மாதம் இருக்கையில் ஷூவைக் கழற்றினால் சிவ்நாத் ஆகிவிட மாட்டார். இன்னொரு தகவலும் உண்டு. 1980 மாஸ்கோ ஒலிம்பிக் மாரத்தானை அதே சிவ்நாத் முடிக்கவில்லை, பாதியில் நின்றுவிட்டார். அவரும் சோம்பேறிதானா என்று கட்டுரையாளர் சொல்லட்டும்.

இடுக்கிப் பெருமைக்குப் பிரீஜா ஸ்ரீதரனையும் இழுத்திருக்கிறார். ராஜாக்காட்டுப் பக்கத்து ஏழைக் குடும்பத்துப் பெண், பாலக்காட்டு ரயில்வேயில் வேலை, 2010 குவாங்சோ ஆசிய விளையாட்டில் 10,000 மீட்டரில் தங்கம். நேரம் 31:50.47. எல்லாம் சரி. வறுமையிலிருந்து வந்தார் என்பதிலிருந்து வலியைப் பொருட்படுத்தாமல் வந்தார் என்று எப்படித் தாவினார்? அவர் ஓடியது தேசிய முகாமில், பயிற்சியாளர் கண் முன்னால். நம் ஆட்களுக்கு இருப்பதோ இணையத்தில் இறக்கிய ஓர் அட்டவணையும் கட்டுரையாளரின் உற்சாகமும்.

அடுத்தது அந்த மாத்திரை. இதில் விளையாட்டுக்கு இடமில்லை. வலி மாத்திரை போட்டு ஓடுகிறவன், வாளையாற்றில் இன்ஜின் கொதிக்கும்போது மீட்டர் வயரைப் பிடுங்கிவிட்டு வண்டியை விரட்டும் லாரிக்காரனைப் போன்றவன். உடம்பில் நீர் குறையும்போது சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் வழியைத் திறந்து வைக்க உடம்பே சில பொருள்களைச் சுரக்கிறது. ஐபூபுரொஃபென், டைக்ளோஃபெனாக் வகை மாத்திரைகள் வலியைக் குறைப்பது அந்தச் சுரப்பைத் தடுத்துத்தான். வலியோடு சேர்ந்து சிறுநீரகத்தின் பாதுகாப்பும் போகிறது. 2017-இல் வெளியான ஓர் ஆய்வில், 80 கிலோமீட்டர் ஓடிய 89 பேரில் ஒரு பகுதியினருக்கு ஐபூபுரொஃபெனும் மற்றவர்களுக்கு வெற்று மாத்திரையும் கொடுத்துப் பார்த்தார்கள். சிறுநீரகம் பாதிக்கப்பட்டவர்கள் மாத்திரைக்காரர்களில் 52 சதவீதம், மற்றவர்களில் 34. சின்ன ஆய்வுதான், ஆனால் கோடையில் 41 டிகிரியைப் பார்த்துவிடுகிற பாலக்காட்டில், கிழக்கிலிருந்து வரும் காற்று வியர்வையை வழியும் முன்பே உறிஞ்சிவிடுகிற ஊரில், இதைப் படித்த பிறகும் 'ஒன்று போட்டுக்கொள்' என்று எழுதக் கை வருமா?

சிறுநீரகக் கதை தூரத்துக் கதை என்று நினைப்பவர்களுக்குப் பவுலா ராட்கிளிஃப். 2003-இல் லண்டனில் 2:15:25 ஓடி அன்றைய உலகச் சாதனை படைத்த பெண். (நம் வயநாட்டு கோபி 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஓடிய நேரமும் நொடி பிசகாமல் அதே 2:15:25 என்பது ஓட்டப் பைத்தியங்களுக்கு மட்டும் இனிக்கும் தகவல்.) 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கு இரண்டு வாரம் இருக்கையில் பவுலாவின் காலில் அடி. வீக்கத்துக்கான மாத்திரைகளை நிறையப் போட்டு ஓடினார். மாத்திரை வயிற்றைக் கெடுத்தது, சாப்பிட்டது உடம்பில் சேரவில்லை. ஏறக்குறைய 36 கிலோமீட்டரில் சாலையோரம் உட்கார்ந்து அழுதார். பக்கத்தில் மருத்துவர்கள் இருந்த உலகச் சாதனையாளருக்கே இந்தக் கதி. மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் பத்து மாத்திரை வாங்குகிற நமக்கு?

'இரண்டு வாரம் நின்றால் எல்லாம் போச்சு' என்பது பச்சைப் பொய். நன்றாகப் பயிற்சி பெற்றவர்களை முற்றிலும் நிறுத்தி வைத்து 1984-இல் பார்த்த ஆய்வில், உடம்பு பயன்படுத்தக்கூடிய உச்ச ஆக்சிஜன் முதல் 21 நாளில் 7 சதவீதம்தான் குறைந்தது. அதுவும் ஒன்றுமே செய்யாமல் கிடந்தால். சைக்கிள் மிதித்தாலோ நீந்தினாலோ இன்னும் குறைவாகவே போகும். மாறாக, கெண்டைக்கால் எலும்பில் வந்த மயிரிழை விரிசலைக் கவனிக்காமல் ஓடினால் ஆறு வாரம், எட்டு வாரம் என்று போய்விடும். மூச்சும் இதயமும் சில வாரத்தில் பழகிக்கொள்ளும். நாரும் எலும்பும் பழகிக்கொள்ள மாதங்கள் ஆகும். மூச்சு சொல்வதைக் கேட்டுக் கிலோமீட்டரை ஏற்றுகிறவன் மாட்டிக்கொள்வது இந்த இடைவெளியில்தான்.

ஓய்வெடுத்தால் திரும்ப முடியாது என்கிறவர் பாலக்காட்டு நீளம் தாண்டும் வீரர் ஸ்ரீசங்கரைப் பார்க்கட்டும். 2023-இல் 8.41 மீட்டர் தாண்டியவர், 2024 ஏப்ரலில் பயிற்சியில் முழங்கால் போய், அறுவை சிகிச்சை ஆகி, பாரிஸ் ஒலிம்பிக்கை இழந்தார். அது திடீரென்று வந்த காயம், நம் நச்சரிக்கும் வலியோடு ஒன்றாக வைக்க மாட்டேன். ஆனால் 2025 ஜூலையில் புனேயில் திரும்ப வந்து 8.05 தாண்டினாரே, ஒரு வருடத்துக்கு மேல் நின்ற கால்தானே அது?

கட்டுரையாளர் ஒரே ஓர் இடத்தில் சரி, அது தற்செயலாக நேர்ந்தது. வலி என்றவுடன் கட்டிலில் படுத்துவிடக் கூடாது என்கிறார். உண்மை. குதிகால் நாரில் வலி இருந்த 38 பேரை வைத்து ஸ்வீடனில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஒரு குழு சிகிச்சைப் பயிற்சியோடு ஓட்டத்தையும் தொடர்ந்தது, இன்னொரு குழு முதல் ஆறு வாரம் ஓட்டத்தை நிறுத்தியது. இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் குணமானது. ஆனால் ஓடிய குழு இஷ்டத்துக்கு ஓடவில்லை. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு, ஐந்தைத் தாண்ட விடாமல், மறுநாள் காலைக்குள் அடங்குகிறதா, வாரத்துக்கு வாரம் ஏறாமல் இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்து ஓடியது. கட்டுரையாளர் 'ஓடு' என்பதை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்கை விட்டுவிட்டார்.

அந்தக் கணக்கை நம் ஊர் ஆட்கள் போடுவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். காலையில் எழுந்து முதல் பத்து அடியும் மாடிப்படி இறக்கமும் எப்படி இருக்கிறது? ஓட ஆரம்பித்துச் சூடேறியதும் குறைகிற வலியை வைத்துக்கொண்டு தூரத்தைக் குறைத்து ஓடலாம். ஓட ஓட ஏறுகிற வலிக்கு வீட்டுக்குத் திரும்ப வேண்டும், அன்றைக்கு அட்டவணையில் 30 கிலோமீட்டர் என்று எழுதியிருந்தாலும் சரி. ஒரு விரல் நுனியால் 'இங்கே' என்று எலும்பில் தொட்டுக் காட்ட முடிகிற வலி, ஒற்றைக் காலில் குதித்தால் சுரீர் என்கிற வலி, ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிற வலி, இவை மூன்றும் மருத்துவரிடம் போக வேண்டியவை, முறிவெண்ணெய்க்கு அடங்காதவை. (முறிவெண்ணெய் மேல் எனக்குக் கோபமில்லை. தேய்த்துவிடும் அந்தக் கால் மணி நேரமாவது ஆள் ஓடாமல் உட்கார்ந்திருக்கிறான்.) முழங்கால்காரர்கள் படியில் நின்று ஒரு காலால் மெதுவாக இறங்கிப் பழகினால் இறக்கத்துக்கான தொடை தயாராகும். ஒரு பிசியோதெரபிஸ்ட்டிடம் ஒரு முறை காட்டிக் கற்றுக்கொண்டால், செலவு போட்டிக் கட்டணத்தைவிடப் பெரும்பாலும் குறைவுதான்.

தம்முடைய குழுவில் வலி என்று நின்றவர் ஒருவர்கூட இல்லை என்று முடிக்கிறார் கட்டுரையாளர். சந்தோஷம். அவரோடு முதல் வருடம் ஓட ஆரம்பித்தவர்கள் மொத்தம் எத்தனை பேர், அவர்களில் இன்றைக்கும் ஓடுகிறவர்கள் எத்தனை பேர், காணாமல் போனவர்கள் எந்தக் காலைப் பிடித்துக்கொண்டு போனார்கள் என்பதையும் அடுத்த இதழில் எழுதட்டும். நானே அதைப் படியெடுத்து, எங்கள் டீக்கடைச் சுவரில் ஒட்டுகிறேன்.