கடைச் சிப்பந்திக்கும் காப்பீடு வேண்டும்



2020-ஆம் ஆண்டு நாடாளுமன்றத்தில் நிறைவேறிய சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துவிட்டது. 1948-ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டமும் இதற்குள் அடங்கிவிட்டது. "அது மில்காரர்கள் சங்கதி, மளிகைக் கடைக்கு என்ன?" என்று நாம் இனி இருந்துவிட முடியாது.

முன்பு அரசு அறிவித்த பகுதிகளில் மட்டுமே இ.எஸ்.ஐ. நடைமுறையில் இருந்தது. இப்போது நாடு முழுவதற்கும் பொருந்தும். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனம் கட்டாயம் சேர வேண்டும். பத்துக்குக் குறைந்தால், முதலாளியும் சிப்பந்திகளில் பெரும்பான்மையோரும் சம்மதித்துத் தாமாகவே சேரலாம். நம் கடைகளில் பெரும்பாலானவை இந்த இரண்டாம் வகைதான்.

சேரம்பாடியில் தேயிலைத் தோட்டத் தொழிலாளிக்கு மருத்துவ வசதி தர வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டமே சொல்லியிருந்தது. இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மக்களுக்காக 1968-இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் (இன்றைய டான்டீ) அந்தச் சட்டத்துக்கு உட்பட்டே நடந்தது. ஆனால் அதே தொழிலாளிக்கு அரிசி நிறுத்துக் கொடுக்கும் நம் கடைப் பையன் நோயில் படுத்தால், முதலாளியின் மனசுதான் அவனுக்குச் சட்டம்.

கணக்கைப் பார்ப்போம். மாதம் 21,000 ரூபாய் வரை ஊதியம் வாங்குவோர் திட்டத்தில் வருவர். 2019 ஜூலை முதல் முதலாளியின் பங்கு 3.25 சதவீதம், சிப்பந்தியின் பங்கு 0.75 சதவீதம். 12,000 ரூபாய் சம்பளத்துக்கு நாம் கட்டுவது 390 ரூபாய். அவர் கட்டுவது 90 ரூபாய். இதற்கு அவருக்கும் குடும்பத்துக்கும் சிகிச்சை உண்டு. தகுதி நாட்கள் நிறைந்திருந்தால், நோயுற்ற காலத்தில் ஆண்டுக்கு 91 நாட்கள் வரை 70 சதவீத ஊதியமும் கிடைக்கும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் இருக்கிறதே என்பர். அதற்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். மாதம் 12,000 வாங்குபவரின் வருமானம் 1,44,000 ஆகிவிடுகிறதே!

நமக்கும் லாபம் உண்டு. மூட்டை இறக்கும்போது ஆள் விழுந்தாலோ, இரவு கடை அடைத்துவிட்டு வீடு திரும்பும் வழியில் யானை மறித்து விபரீதம் நேர்ந்தாலோ, வேலையோடு தொடர்பு நிரூபணமானால் இ.எஸ்.ஐ. பொறுப்பேற்கும். திட்டத்தில் சேராதவர், சட்ட அட்டவணையில் உள்ள வேலைகளுக்குத் தன் கல்லாவிலிருந்து இழப்பீடு தர வேண்டி வரலாம்.

"காசு கட்டலாம், ஆஸ்பத்திரி எங்கே?" என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. காய்ச்சலுக்குக் கோவை சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனைக்கு மலையிறங்கிப் போக முடியுமா? கூடலூர், பந்தலூர் வட்டாரத்திலேயே மருந்தகமும், ஒப்பந்த மருத்துவமனையும் வேண்டும். தோட்டங்களும் விரும்பினால் இ.எஸ்.ஐ.யில் சேரலாம் என்று புதிய சட்டம் இடம் தருகிறது. தோட்டமும் கடைவீதியும் சேர்ந்து கேட்டால் கழகம் தட்டிக்கழிக்க முடியாது. கூடலூரில் ஆதிவாசி மக்கள் 1992 முதல் சிறு சந்தாவில் மருத்துவக் காப்பீடு நடத்திக் காட்டியவர்கள். வணிகர்களால் முடியாதா?

ஆகவே பத்துப் பேரைத் தொட்ட கடைக்காரர்கள் உடனே பதிவு செய்யுங்கள். பிடித்த பங்கை அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் கட்டுங்கள். அது சிப்பந்தியின் பணம், நம் கைமாற்று அல்ல. சிறு கடைக்காரர்கள் சிப்பந்திகளோடு உட்கார்ந்து பேசி முடிவெடுங்கள். மருந்தகக் கோரிக்கையை நம் சங்கம் அடுத்த கூட்டத்திலேயே தீர்மானமாக நிறைவேற்ற வேண்டும் என்பது நமது கருத்து.