எல்லோரும் எழுதும் புத்தகம்

ஆவக்காய் ஊறுகாயில் ஒரு சந்தேகம் வந்தால் அந்த நாளில் எங்கே போவோம்? பக்கத்து வீட்டு மாமியிடம். மாமி சொன்னதை எதிர் வீட்டு அக்காள் திருத்துவாள். "உப்பு அவ்வளவு போதாதடி!" என்று உள்ளேயிருந்து பாட்டி குரல் கொடுப்பாள். மூவரும் சொன்னது சேர்ந்துதான் ஊறுகாய்! 'விக்கி' என்கிறார்களே, சகோதரிகளே, அதுவும் ஏறக்குறைய இந்தத் திண்ணைக் கச்சேரிதான்.

வார்ட் கன்னிங்காம் என்ற அமெரிக்கர் 1995-ல் இதை ஆரம்பித்து வைத்தார். ஹவாய் மொழியில் 'விக்கி விக்கி' என்றால் 'சீக்கிரம், சீக்கிரம்'. ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய பஸ்ஸின் பெயர் அது. (நம் ஊர் பஸ்ஸுக்கு அப்படிப் பெயர் வைக்க யாருக்குத் துணிச்சல் வரும்?)

2001-ல் விக்கிப்பீடியா பிறந்தது. 2003-ல் தமிழிலும் வந்தது. பெரியசாமித் தூரனை ஆசிரியராகக் கொண்டு, அறிஞர்கள் பலர் கூடிக் 'கலைக்களஞ்சியம்' கொண்டுவந்தார்கள் அல்லவா? முதல் தொகுதி 1954-ல். பத்தாவது தொகுதி 1968-ல். அரிய காரியம்தான். ஆனால் அச்சான புத்தகத்தில் பிழை கண்டால் அடுத்த பதிப்பு வரையில் பொறுத்திருக்க வேண்டும். இங்கேயோ, 'தொகு' என்ற சொல்லைத் தொட்டு நீங்களே திருத்தலாம். யார், எப்போது, எதை மாற்றினார்கள் என்ற கணக்கும் கூடவே இருக்கும். விஷமம் செய்திருந்தால் பழையபடி ஆக்கிவிடலாம்.

"கண்டவர்களும் எழுதினால் உருப்படுமா?" என்கிறீர்களா? நானும் அப்படித்தான் கேட்டேன். அதற்காகத்தான் அச்சில் வந்த ஆதாரம் கேட்கிறார்கள். நியாயந்தான். ஆனால் அங்கேதான் சங்கடமும்! டோனா ஸ்ட்ரிக்லண்ட் என்ற கனடா தேசத்து அம்மாள் 2018-ல் பௌதிகத்துக்கு நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசைப் பெற்ற பெண்களில் மூன்றாமவர். பரிசை அறிவித்த வேளையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் அவருக்கு ஒரு பக்கம்கூட இல்லை! அதே வருஷம் மே மாதம் ஒருவர் எழுதிக் கொடுத்த கட்டுரையை, ஆதாரம் போதாது என்று தள்ளிவிட்டிருந்தார்கள்.

நோபல் அம்மாளுக்கே இந்தக் கதி என்றால், பாட்டியின் நெளிக்கோலமும் பிரசவ லேகியமும் எந்த அச்சில் ஏறின? விக்கியில் எழுதுகிறவர்களில் பெண்கள் குறைவு என்பதையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தெரிந்தவர்கள் பேசாமலிருந்தால் தெரியாதவர்கள்தாமே எழுதுவார்கள்?

சென்ற வாரம் எங்கள் ஊர்க் குளத்தைப் பற்றி, கும்பாபிஷேக மலரை ஆதாரம் காட்டி நாலு வரி எழுதினேன். மறுநாள் பார்த்தால், நான் விட்ட சந்திப் பிழை ஒன்றை யாரோ திருத்தியிருந்தார்கள். கோபம் வரவில்லை என்றுதான் சொல்ல நினைத்தேன். வந்தது, கொஞ்சம்!